நீல பம்ப்பும் டாக்டரம்மாவின் நொதியும்

காலையில் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். செல்போன் அடித்தது. பீங்கான் ஷெட்டுகள் இருக்கும் செராமிக் எஸ்டேட்டில் பொம்மைக் கம்பெனி நடத்தும் நடராசன். "என்னா பழமலை, இன்னுமா கடை தொறக்கல?" என்று வம்பிழுத்துத்தான் எப்போதும் ஆரம்பிப்பார். அன்று வம்பில்லை.

"அக்கா போயிட்டாங்க. காப்பி எடுத்துக்கிட்டுப் போனா, எழுப்ப எழுப்ப எந்திரிக்கல. நேத்து நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாங்க பழமலை."

தூக்கிய ஷட்டரை மறுபடியும் இறக்கினேன். மருந்துக்கடையை நான் லேசில் மூடுகிறவன் இல்லை. பந்த் நாளில்கூட ஒரு பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அன்று பூட்டுப் போட்டுவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. மறைத்தால் அவர் அக்கா திலகவதி அம்மாவுக்கே பிடிக்காது. போன தீபாவளிக்கு முன்பு மாத்திரை வாங்க வந்தவர், "மூக்குல டியூபு, கையில டியூபுன்னு படுக்க வெச்சு என் தம்பிய அலைய விட்டுடக் கூடாது பழமலை. அந்த ஒண்ணுதான் பயம்" என்று சொல்லியிருந்தார். அந்தப் பயம் பலிக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார்.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் கடைசிவரை அவரை ஊசி போடும் டாக்டர் என்றே நினைத்திருப்பீர்கள். திட்டக்குடிப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பத்தில் பிறந்தவர். உயிர்வேதியியல் படித்து டாக்டர் பட்டம் வாங்கி, அமெரிக்காவில் சில வருஷம், வடக்கே ஓர் ஆய்வு நிலையத்தில் பல வருஷம் வேலை பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றதும் தம்பி நடராசன் வீட்டோடு வந்து தங்கினார். நடராசனுக்குப் பெருமை தாங்கவில்லை. 'டாக்டர் திலகவதி' என்று பீங்கானில் எழுத்துச் சுட்டு வாசலில் பதித்துவிட்டார். அடுத்த வாரமே கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து நின்றாள். "நான் மருந்து குடுக்கற டாக்டர் இல்லம்மா" என்று இவர் சொல்லியிருக்கிறார். "பரவால்லீங்க, ஊசியே போட்டுடுங்க" என்றாளாம் அவள். குழந்தைக்கு நல்ல காய்ச்சல். இவரே ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வந்து, முதல் வேலையாக அந்தப் பெயர்ப்பலகையைப் பெயர்க்கச் சொன்னார். பலகை போனது, பேர் போகவில்லை. எல்லோருக்கும் டாக்டரம்மா ஆகிவிட்டார்.

என் கடைக்கு மாதம் ஒருமுறை ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்க வருவார். எதிர் மாடியில் அப்போது ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. பழைய கூட்டாளிகளுக்கு மெயில் அனுப்ப அங்கே போவார். கரண்ட் போய்விட்டால் இறங்கி வந்து என் கடையின் மர ஸ்டூலில் உட்கார்ந்து, வரும்வரை பேசுவார். நம் ஊர் கரண்ட் உங்களுக்குத் தெரியும். நிறையவே பேசினோம். நடுவில் டீ வரும். டீக்கடைக் கிளாஸை அப்படியே வாங்கிக் குடிக்கமாட்டார். என் கடைத் தொட்டியில் தானே ஒருமுறை கழுவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அப்புறம்தான் டீயை ஊற்றச் சொல்வார். டீ மாஸ்டருக்கு வரும் கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "உன்னச் சொல்லலப்பா, என் கைக்குப் பழகிப்போச்சு" என்று சமாதானம் சொல்வார். அந்தக் கழுவுகிற கைக்குப் பின்னால் ஒரு கதை இருப்பது எனக்கு அப்போது தெரியாது.

ஒருநாள் தன் மாத்திரை அட்டையைக் காட்டி, இது உடம்பில் என்ன செய்யும் என்று என்னைக் கேட்டார். டி.ஃபார்ம் படித்தவனிடம் கேட்கிற கேள்வியா? "பிரஷரக் கொறைக்கும்" என்றேன், கொஞ்சம் விறைப்பாகவே.

"கொறைக்கும். எப்படிக் கொறைக்கும்?" என்று சிரித்தார். "செல்லுக்கெல்லாம் காது இருக்குது பழமலை. அட்ரினலின் ரத்தத்துல வந்து 'ஓடு, ஓடு'ன்னு கத்தும். இதயத்துல இருக்கற செல்லு அந்தக் காதால கேட்டுக்கிட்டு வேகமா அடிக்கும். இந்த மாத்திரை போயி அந்தக் காத மறைச்சிக்கிட்டு ஒக்காந்துக்கும். அவ்ளோதான்."

ஏற்பி என்று புத்தகத்தில் நெட்டுருப் போட்டதைக் காது என்று அவர் சொன்னதும் எனக்குப் பிடித்துப்போனது. அதற்குப் பிறகு நானும் காது என்றே சொல்ல ஆரம்பித்தேன்.

இப்போது அன்வர் பாய் கதைக்கு வருகிறேன். அவரை நீங்கள் பார்க்காமல் இருந்தாலும் கேட்காமல் இருந்திருக்கமாட்டீர்கள். மங்கலம்பேட்டைக்காரர். வளைகுடாவில் சம்பாதித்ததைக் கொண்டுவந்து எஸ்டேட்டில் ஒரு ஷெட் எடுத்து, மின்சாரத்துக்கு வைக்கிற ஃப்யூஸ் கட்டைகளைச் சுட ஆரம்பித்தவர். பாலக்கரையில் பேசினால் பஸ் ஸ்டாண்டில் கேட்கும், அப்படி ஒரு குரல். வீசிங் வந்த பிறகு அந்தக் குரலுக்கு முன்னால் நெஞ்சிலிருந்து ஒரு விசிலும் வர ஆரம்பித்தது. கடைப்படியில் விசில் கேட்டதும் நான் திரும்பிப் பார்க்காமலே நீல இன்ஹேலரை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைப்பேன். அவரும் அவர் ஆட்களும் அதை நீல பம்ப்பு என்பார்கள்.

மூச்சு முட்டினால் மட்டும் இழுக்கச் சொல்லி எப்போதோ ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து அது. பாய் அதற்கு ஒரு புது முறை கண்டுபிடித்திருந்தார். எஸ்டேட்டில் சூளைக் கதவைத் திறக்கும்போது சூடம் கொளுத்துவது வழக்கம். பாய் அதற்குப் பதிலாக நீல பம்ப்பு அடிப்பார். சூளை திறக்கும் முன் ஒன்று, மண் மூட்டை பிரிக்கும் முன் ஒன்று, காய்ந்த சரக்கைத் துடைக்கும் முன் ஒன்று. தூசிக்கு முன்னால் மருந்து உள்ளே போய்விட்டால் தூசி ஒன்றும் செய்யாது என்பது அவர் கட்சி. நல்லாயிருக்கும் நாளிலும் அடிப்பார். சட்டைப்பையில் ஒன்று, ஷெட்டில் ஒன்று, பைக் பெட்டியில் ஒன்று என்று வைத்திருந்தார். டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று நான் சொல்லாத நாளில்லை. "பாத்துத்தானண்ணே எழுதி வாங்குனேன்" என்பார். நாளாக ஆக ஒரு இழுப்பு போதவில்லை. அப்புறம் எத்தனை இழுத்தாலும் போதவில்லை. அதிலிருந்து பாய் ஒரு முடிவுக்கு வந்தார். மருந்து டூப்ளிகேட்!

சாயங்காலக் கூட்ட நேரம் பார்த்து வந்தார். ஒரு பை நிறையக் காலி இன்ஹேலர்களை என் மேஜைமேல் கொட்டினார்.

"இதுல காத்துதான் இருக்குது, மருந்து இல்ல! முன்னல்லாம் ஒண்ணு அடிச்சா நெஞ்சு தொறந்துக்கும். இப்ப அடிச்சிக்கிட்டே இருக்கறேன், ஒண்ணும் ஆவல. டூப்ளிகேட்டு விக்கறியா நீ?"

அதுவரை என்னை 'அண்ணே, நீங்க' என்றவர் 'நீ'க்கு இறங்கியது சுருக்கென்றது. நானும் இறங்கினேன். "யாரப் பாத்துடா டூப்ளிகேட்டுங்கற? வா, போலீசு ஸ்டேஷனுக்கே போலாம்!" இரண்டு பேரும் கத்திய கத்தலில் எதிர்க்கடையில் ஜவுளி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் துணியைப் போட்டுவிட்டு இங்கே வந்துவிட்டார்கள். கூட்டத்தில் நின்றிருந்த ஒரு பெரியவர் அப்போதுதான் வாங்கிய மாத்திரை அட்டையை மெதுவாக மேஜைமேல் திருப்பி வைத்துவிட்டு நழுவினார். ஜவுளிக்கடையில் சாயம் போனால் ஊர் திட்டிவிட்டு மறுபடியும் வரும். மருந்துக்கடையின்மேல் டூப்ளிகேட் என்று ஒரு பேச்சு விழுந்தால் அந்தக் கடையில் யாரும் தன் பிள்ளைக்கு மருந்து வாங்கமாட்டார்கள். நானாக இருந்தாலும் வாங்கமாட்டேன்.

அந்த நேரத்தில்தான் டாக்டரம்மா எதிர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். யார் பக்கமும் பேசவில்லை. ஸ்டூலை இழுத்துப் பாய் பக்கம் போட்டார்.

"பாய், மொதல்ல ஒக்காருங்க. எப்படி எடுத்துக்கறீங்க? அத மட்டும் சொல்லுங்க."

பாய் சூளையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார், நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு. இவர் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், "மருந்து கெட்டுப்போச்சான்னு கேக்கறதுக்கு முன்னாடி, அதக் கேக்கற காது என்ன ஆச்சுன்னு பாக்கணும் பாய். இன்னைக்கே நெஞ்சு டாக்டர்கிட்ட போலாம், வாங்க" என்றார்.

பாய் மசியவில்லை. "மருந்தே டூப்ளிகேட்டுன்னா டாக்டரு என்னாம்மா பண்ணுவாரு? வெள்ளிக்கெழம என் மச்சான் துபாய்லேர்ந்து வராரு. அங்கேர்ந்து பம்ப்பு கொண்டாரச் சொல்லியிருக்கறேன். அத அடிச்சா தெரிஞ்சிபூடும் இந்தக் கடை யோக்கியத."

"சரி" என்றார் டாக்டரம்மா. "துபாய் மருந்து முன்ன மாதிரி வேல செஞ்சா, பழமலை கடைக்கு நானே பூட்டுப் போடறேன். செய்யலன்னா மறுநாளே நீங்க என்கூடப் பாண்டிச்சேரிக்கு வரணும். அதுவரைக்கும் ஷெட்டுப் பக்கமே போகக் கூடாது. நடுவுல மூச்சு முட்டுச்சுன்னா நேரா ஆஸ்பத்திரி. ஒத்துக்கறீங்களா?"

பாய் ஒத்துக்கொண்டார். கூட்டமும் தலையாட்டியது. என்னை மட்டும் யாரும் கேட்கவில்லை. என் கடை, என் லைசென்ஸ், பூட்டு மட்டும் டாக்டரம்மாவுடையது!

கூட்டம் கலைந்ததும் அவர்மேல் பாய்ந்தேன். "எந்த தைரியத்துலம்மா அப்படிச் சொன்னீங்க? ஒருவேள அது வேல செஞ்சிட்டா?" மருந்தைப் பரிசோதனைக்கு அனுப்புகிறேன், ஒரிஜினல் என்று காகிதம் வரட்டும் என்றெல்லாம் குதித்தேன்.

"அனுப்புங்க, நல்லதுதான். காகிதம் வந்து சேர்றதுக்குள்ள அந்த ஆளு என்ன ஆவாரு?" என்று கேட்டுவிட்டுத் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். "நானும் இப்படி நின்னிருக்கேன் பழமலை" என்றார்.

அன்று அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீல பம்ப்பின் மருந்தும் அட்ரினலின் மாதிரியே மூச்சுக்குழாய்ச் செல்லின் காதில்தான் பேசும். அந்தக் காது ஓயாத கூச்சலைத் தாங்காது. அட்ரினலினை விடாமல் கொடுத்துக்கொண்டே இருந்தால், முதலில் துள்ளுகிற செல் கொஞ்ச நேரத்தில் மந்தமாகிவிடும். இது ஆராய்ச்சிக்காரர்களுக்கு முன்பே தெரியும். மந்தமாக்குவது யார் என்பதுதான் தெரியாது. அப்படி மந்தமான காதின்மேல் பாஸ்பேட் ஒட்டியிருப்பதைக் கண்டார்கள். டாக்டரம்மா அதைப் பொட்டு என்றே சொல்வார். பொட்டு தானாக ஒட்டாது, வைத்துவிட ஒரு நொதி வேண்டும். செல்லுக்குள் ஏற்கெனவே தெரிந்திருந்த ஒரு நொதிமேல் சந்தேகம் விழுந்தது. ஆனால் அந்த நொதி இல்லாத செல்களிலும் காது மந்தமானது. அப்படியானால் வேறொரு ஆள் இருக்கிறான். கண்ணை ஆராய்ந்தவர்கள் வெளிச்சத்தைப் பிடிக்கும் புரதத்தின்மேல் பொட்டு வைக்கிற ஒரு நொதியை அதற்கு முன்பே பார்த்திருந்தார்கள். அதன் பங்காளி மற்ற செல்களிலும் இருப்பான் என்று பல இடங்களில் தேட ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் டாக்டரம்மா வேலை பார்த்த ஆய்வகமும் அதில் ஒன்று.

கசாப்புக்கூடத்திலிருந்து மாட்டு மூளை ஐஸில் வரும். அதை அரைத்து, சாறெடுத்து, வேண்டாததை எல்லாம் கழுவி நீக்கி, நொதியை மட்டும் தனியாகப் பிரிக்க வேண்டும். அதுதான் இவர் வேலை. "எங்கம்மாகிட்ட பால் சம்பந்தமான ஆராய்ச்சின்னு சொல்லி வெச்சிருந்தேன். மாடுதான, பாதி உண்மதான?" என்று அந்த இடத்தில் சிரித்தார். கலங்கலாக இருந்தவரை அந்தச் சாறு ஒழுங்காக வேலை செய்தது. பொட்டு விழுந்தது, காதும் அடங்கியது. இவர் சுத்தம் செய்யச் செய்யப் பொட்டு முன்னைவிட அழகாக விழுந்தது, காது மட்டும் அடங்கவில்லை. மறுபடியும் செய்தார். பாத்திரங்களைத் திரும்பத் திரும்பக் கழுவினார். ஐஸ் உருகிவிட்டதோ என்று பக்கத்திலேயே நின்று காவல் காத்தார். எத்தனை முறை செய்தாலும் அதேதான் நடந்தது. கூட இருந்தவர்கள் திலகவதி கை பட்டுச் சரக்கு கெட்டுப்போகிறது என்று பேச ஆரம்பித்தார்கள். கடைசியில் அந்த வேலை வேறொருவருக்குப் போனது. இவர் ஊர் திரும்பினார்.

"மூளை பத்தலன்னு சொல்லியிருந்தாக்கூடப் போகட்டும்னு விட்டிருப்பேன். கை சரியில்லன்னு சொன்னாங்க பழமலை. அது உள்ளயே இருந்துச்சு."

சில வருஷம் கழித்து, வடக்கே வேலையில் இருந்தபோது, நூலகத்துக்குப் புதிதாக வந்த ஆய்வு இதழைப் பிரித்திருக்கிறார். வேறு யாரோ எழுதியிருந்தார்கள். நொதி சுத்தமாக ஆக ஆக, காதை அடக்கும் சக்தி குறைகிறது. ஏனென்றால் நொதி பொட்டு மட்டும்தான் வைக்கும். அந்தப் பொட்டைப் பார்த்து வந்து காதைப் பொத்துவது இன்னொரு புரதம். கழுவுகிறபோது அழுக்கோடு அழுக்காக அதுவும் போய்விடுகிறது.

"நின்னுக்கிட்டே படிச்சேன். நான் கெடுக்கல பழமலை. ரொம்ப நல்லாக் கழுவியிருக்கேன், அவ்ளோதான். கண்டுபிடிச்சது நான் இல்லியேன்னு அன்னைக்கு வருத்தமே வரல. என் கை சரியாத்தான் இருந்துச்சுங்கற நிம்மதி மட்டும்தான் வந்துச்சு. ரூமுக்குப் போயி பட்டப்பகல்ல படுத்துத் தூங்குனேன்."

அப்புறம், "கெட்டுப்போச்சுன்னு சொல்றவங்களும் பொய் சொல்லல. வேல செய்யலங்கறது நெசந்தான். ஏன் செய்யலங்கறதுதான் வேற. பாய் பொய் சொல்லல, நீங்களும் தப்புப் பண்ணல" என்றார். இந்தக் கதையை மறுநாள் நடராசனிடம் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. "எங்க மண்ணும் அப்படித்தான். வெள்ளை வெளேர்னு கழுவி எடுத்தா புடிப்பு இருக்காது, கொஞ்சம் கருப்பு மண்ணச் சேக்கணும். அக்கா அமெரிக்கா போனதுக்கு என் ஷெட்டுக்கு வந்திருக்கலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மருந்து வாங்க வந்த சிலரும் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்கினார்கள். பலர் வரவே இல்லை. தொழுகை முடிந்து பாய் வந்தார். கூடவே மச்சான், மச்சான் கையில் துபாய்ப் பெட்டி, பின்னால் அன்றைக்கு நின்ற கூட்டம் அப்படியே. டாக்டரம்மா ஏற்கெனவே வந்து நின்றிருந்தார். பெட்டியைப் பிரித்துப் பாய் எல்லோருக்கும் காட்டினார். ஆட்டினார். இழுத்தார். மின்விசிறிச் சத்தமும் பாயின் விசிலும்தான் கேட்டன. கொஞ்ச நேரம் போனது. விசில் குறையவில்லை. மறுபடியும் பம்ப்பைத் தூக்கியவரின் கையை டாக்டரம்மா பிடித்துக்கொண்டார். "போதும் பாய்."

துள்ளிக் குதித்திருக்க வேண்டியவன் நான். பாயின் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை. முதல்முறையாக அவர் சத்தமில்லாமல் பேசினார்.

"அப்ப மருந்து கெட்டுப்போவல. நான்தான் கெட்டுப்போயிட்டனாம்மா?"

எஸ்டேட்டில் இருக்கிறவர்களுக்கு அந்தப் பயம் என்னவென்று தெரியும். கல் தூசி நுரையீரலில் தங்கிவிட்டால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. அப்படிப் போனவர்களைப் பாய் பார்த்திருக்கிறார். மருந்து டூப்ளிகேட் என்று அத்தனை பிடிவாதமாக அவர் நம்பியது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"யாரும் கெட்டுப்போகல" என்றார் டாக்டரம்மா. "ஓயாமக் காதுல கத்திக்கிட்டே இருந்தா யாருதான் கேப்பாங்க? உங்க நெஞ்சு காதப் பொத்திக்கிச்சு. தானாத் தொறந்துக்கும், கொஞ்சம் சும்மா விடணும். உள்ள வேற என்ன இருக்குதுன்னு டாக்டர் பாக்கட்டும். காலையில மொத பஸ்ஸு."

பாண்டிச்சேரிக்கு மூவரும் போனோம். கடை பிழைத்துவிட்டது, எனக்கு அங்கே வேலையே கிடையாது. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் எக்ஸ்ரே கைக்கு வரும்வரை நான் பாயைவிட அதிகமாக நடந்தேன். நெஞ்சு டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி நிதானமாகப் பார்த்தார். தூசி வியாதி இல்லை என்றார். ஆஸ்துமாதான். மூச்சுக்குழாய்க்குள் வீக்கம் இருக்கிறது, அதற்கான மருந்தே இவர் எடுக்கவில்லை, வீக்கத்தை விட்டுவிட்டு நீல பம்ப்பை மட்டும் அடித்திருக்கிறார் என்றார். காலையும் மாலையும் இழுக்க வேறொரு இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். அது வீக்கத்தை வடிய வைக்கும், நீல மருந்தைக் கேட்கும் காதுகளையும் திரும்ப வரவழைக்கும் என்று டாக்டரம்மா எங்களுக்குப் புரியும்படி சொன்னார். நீல பம்ப்பு இனி மூச்சுத் திணறினால் மட்டும்தான். வாசலில் பாய் மூன்று இளநீர் வெட்டச் சொன்னார். குடிக்கும்போது அவர் கண்ணில் தண்ணீர். என் கண்ணிலும்தான். டாக்டரம்மா இளநீர்க்காரரின் ஸ்ட்ராவை வாங்கித் தண்ணீர்ப் பாட்டிலைச் சாய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

சில வாரம் கழித்து, அதே சாயங்காலக் கூட்ட நேரத்தில் பாய் என் கடைப்படியில் ஏறி நின்றார். விசில் இன்னும் லேசாக இருந்தது. "எல்லாரும் கேட்டுக்குங்க! பழமலை அண்ணன் கடை மருந்து ஒரிஜினல்! நான்தான் அவசரப்பட்டுட்டேன்!" என்றார். மைக் எதற்கு? ஜவுளிக்கடையில் இருந்தவர்கள் மறுபடியும் துணியைப் போட்டுவிட்டு வந்தார்கள். அன்றைக்கு அட்டையைத் திருப்பி வைத்துவிட்டுப் போன பெரியவர் மறுநாள் வந்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி அதே மாத்திரையைக் கேட்டார். நானும் ஒன்றுமே நடக்காதது மாதிரி எடுத்துக் கொடுத்தேன். பாயின் ஷெட்டில் இப்போது தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் மண்ணைக் கொட்டுகிறார்கள். துடைக்கும் இடத்தில் மூக்குக்கு முகமூடி கட்டாயம். சூளை திறக்கும்போது பம்ப்பு அடிக்கும் வழக்கம் நின்றுவிட்டது.

டாக்டரம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன். அந்த மர ஸ்டூல் கடையில் இருக்கிறது. முன்பு உள்ளே ஓரமாகக் கிடந்ததை இப்போது மேஜைக்கு வெளியே, வருகிறவர்கள் பக்கம் போட்டிருக்கிறேன். அவர் போன மறுவாரம் திட்டக்குடிப் பக்கத்து மங்களூரிலிருந்து வந்த அம்மா ஒருவர் சர்க்கரை மாத்திரையை நீட்டி, "இது ஒண்ணும் கேக்கல தம்பி. டூப்ளிகேட்டா இருக்குமோ?" என்று கேட்டார். பழைய சூடு நாக்கு நுனிவரை வந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு, "ஒக்காருங்கம்மா. எப்படிச் சாப்பிடறீங்க, அத மட்டும் சொல்லுங்க" என்றேன். அந்தக் கேள்வி என்னுடையது இல்லை. அதை இனி நான் வைத்துக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. இருந்திருந்தால் அவரே கேட்டிருப்பார், அதனால் சொல்லிவிடுகிறேன். அன்று மணிமுத்தாற்றங்கரைக்கு எடுத்துப் போனபோது பாடைக்கு முன்பக்கம் அன்வர் பாய் தோள் கொடுத்தார். அவருக்குப் பின்னால் நான். எஸ்டேட் ரோட்டின் புழுதியெல்லாம் எங்கள்மேல்தான் இருந்தது. ஆற்று மணலில் இறங்கியபோது கால் புதைந்தது, எனக்கு நன்றாகவே இரைத்தது. பழக்கத்தில் என் காது பாயின் நெஞ்சைத் தேடியது. விசில் இல்லை. காலடிச் சத்தம்தான் கேட்டது. தோள் மாற்றிக்கொள்ள ஒருவர் ஓடிவந்தார். பாய் நிற்கவில்லை.

"வேணாம், நானே கொண்டாந்துடறேன்" என்றார். அக்கரை வரை கேட்டிருக்கும்.